நம்ம தெருவுக்கு அடியில நீ பாத்தது

மாரியாத்தா தொணை.

அப்பு,

நீ சொகமா இருக்கியான்னு கேட்டுத்தான் எழுத ஆரம்பிக்கணும். அத நான் கேக்கல. நீ அனுப்புன போட்டோவுலயே தெரியுது, கன்னம் உப்பிப் போயி, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு புது வீட்டு பால்கனியில நிக்கிற. நீ என்னையக் கேக்கணும்னா சாப்டியா தூங்குனியான்னு கேக்க வேணாம், தண்ணி வந்துச்சான்னு மட்டும் கேளு. வரல.

போன்ல பேசுனா நான் ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள "அம்மா மீட்டிங்ல இருக்கேன்"னு வச்சிர்ற. எழுதுனா நீ குறுக்க பேச முடியாதுல்ல, அதுக்குத்தான் எழுதுறேன். நான் படிச்சது தாடிக்கொம்புக்கு அங்கிட்டு ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துல. பேசுறாப்புலதான் எழுதவும் வரும், பொறுத்துக்க. எழுதி முடிச்சதும் இத போட்டோ புடிச்சு நம்ம தெரு குரூப்புலயும் போடப் போறேன். "ஏம்மா ஊருக்கெல்லாம் காட்டுற"ன்னு கோவிப்ப. ஊருத் தண்ணியப் பத்தின பேச்சு, ஊருக்குத் தெரியட்டும். "திங்கக்கிழம காலைல பால் காய்ச்சுறோம்மா, நீதான் வந்து அடுப்பு பத்த வைக்கணும்"னு அனுப்பியிருந்தியே, அதுக்குத்தான் இந்தப் பதில். நான் வரல. ஏன் வரலன்னு நீ மத்தவங்ககிட்ட ஒரு காரணம் சொல்லுவ, மூட்டு வலின்னோ காய்ச்சல்னோ. அப்படிச் சொல்லிறக் கூடாதுன்னுதான் நானே சொல்லிர்றேன்.

நீ இந்தப் படிப்பு படிக்கணும்னு நின்னப்ப ஒங்கப்பா என்ன சொன்னாருன்னு நெனவு இருக்கா? பூ மார்க்கெட்ல இருந்து வந்த மனுசன், சட்டையக் கூட கழட்டாம, "ஏலே, கல்லுக்கும் மண்ணுக்கும் என்னடா படிப்பு? எங்கப்பன் படிக்காமலே அதுலதான கெடந்தான்"னு சிரிச்சாரு. நான்தான் ஒனக்காகச் சண்ட போட்டேன். பூமாதேவி வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற படிப்புங்க, தண்ணி இல்லாத ஊருக்கு இவன் தண்ணி காட்டுவான், அது புண்ணியம்ங்கன்னு சொன்னேன். ஒன் பரீச்சைக்குப் பழனிக்கு நடந்தே போயிட்டு வந்தேன், கால் ரெண்டும் கொப்புளம் வெடிச்சு செருப்புப் போட முடியல. அதச் சொல்லிக்காட்ட எழுதல. முருகன்கிட்ட நான் என்ன வேண்டுனேன்னு ஒனக்குத் தெரியணும். "எம்மகன் படிச்ச படிப்பு பத்துப் பேரு வயித்த நனைக்கணும்"னுதான் வேண்டுனேன். எந்தப் பத்துப் பேருன்னு முருகனுக்கு வெளக்கமாச் சொல்லாமப் போயிட்டேன் போல.

போன வருசம் நீ ஆளுங்களோட வந்து எறங்குன அன்னிக்கு நம்ம தெரு கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. ஜீப்புல இருந்து பேட்டரி, வயர் உருண்ட, இரும்புக் கம்பிக எல்லாம் எறங்குது. "எதுக்குப்பா இது"ன்னு கேட்டா, "ஊருக்கு அடியில தண்ணி எங்க இருக்கு, எங்க நிக்கிது, எங்க ஓடுதுன்னு பாக்கப் போறோம்மா, ஊருக்காகத்தான்"ன்ன. தெருவெல்லாம் சிமெண்டு, அடியில கொழாயும் கரண்டு வயரும் ஓடுது, அதுக கணக்கக் கெடுக்கும், கோயில் எடத்து வழியாத்தான் கம்பி வரிசையா குத்தணும்னு சொன்ன. பூசாரி முடியாதுன்னுட்டாரு. ஆத்தா கெணத்துப் பக்கத்துல இரும்பு எறக்கக் கூடாதுன்னு நின்னாரு. நான்தான் போயி அவர் கால்ல விழாத கொறையாக் கேட்டு, அம்மன் முன்னாடி பூப்போட்டுப் பாக்க வச்சேன். செவப்புப் பூ ஒரு பொட்டணம், வெள்ளப் பூ ஒரு பொட்டணம். வெள்ள வந்துச்சு. ஆத்தா சரின்னுட்டா. அவள நான் குத்தம் சொல்ல மாட்டேன். கம்பி குத்தலாமான்னுதான் நான் கேட்டேன், அவளும் அதுக்குத்தான் பதில் சொன்னா. யாருக்காகக் குத்துறாங்கன்னு நான் கேக்கவே இல்லையே.

மொதக் கம்பிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, வேப்பல கட்டி, சூடம் காட்டுனேன். பக்கத்து வீட்டு ராக்கம்மா குலவ போட, தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் சேந்து குலவ போட்டோம். ஒன் கூட வந்த மெட்ராஸ்காரப் பையன், "சார், ஒங்க அம்மா கம்பிக்கு சீமந்தம் பண்றாங்க சார்"னு சிரிச்சான். நீயும் சிரிச்ச. மண்ணு காஞ்சு கெடக்கு, கரண்டு எறங்காது, கம்பிக்கு அடியில உப்புத் தண்ணி ஊத்தணும்ன. மும்தாஜ் அவ பிரியாணி வியாபாரத்துக்கு வாங்கி வச்சிருந்த கல்லுப்புல அள்ளிக் குடுத்தா, நான் கொடத்துல கரைச்சு ஒவ்வொரு கம்பிக்கா ஊத்திக்கிட்டே வந்தேன். மோட்டாரு ஓடுனா ஒங்க மிசினு தப்பாக் காட்டும்னு தெருவுல ஒரு வீட்டுல மோட்டாரு போடல, மிக்சி போடல. பகல் பூராம் அம்மியில அரைச்சாளுக. ஆசுபத்திரியில நோயாளிக்குத் தூக்கம் கெடக் கூடாதுன்னு நடப்பாங்கல்ல, அப்படி நடந்தாளுக. எல்லாம் ஒனக்காக. நம்ம வீட்டுப் புள்ள பாக்குறான்னு.

அன்னிக்குச் சாயங்காலம் நான் மொச்ச உரிச்சுக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல ஒக்காந்து லேப்டாப்பத் தொறந்து காட்டுன. செவப்பு, மஞ்ச, பச்ச, நடுவுல சாய்வா ஒரு நீலக் கோடு. "இதாம்மா பாறையில இருக்குற பிளவு"ன்ன. "எப்பவோ பூமி அசஞ்சப்ப பாற ஒடஞ்சு ஒரு பக்கம் எறங்கியிருக்கு. ஒடஞ்ச எடத்துல கல்லெல்லாம் நொறுங்கிக் கெடக்கு. மலப் பக்கத்துல இருந்து வர்ற தண்ணி இந்த நொறுங்கலுக்குள்ள நீளவாக்குல ஓடிவரும். நம்ம கோயில் கெணறு வத்தாம இருக்குறது இதாலதான்."

நான் கேட்டேன், "அந்த நீலத்துக்கு அங்கிட்டு இன்னும் கருநீலமா கெடக்கே, அங்க தண்ணி இன்னும் நெறையவா?"

"அது நல்ல தண்ணி இல்லம்மா, தோல் பதனிடுற ஷாப்புப் பக்கத்து உப்புத் தண்ணி. உப்பு இருந்தா கரண்டு லேசாப் போகும், அதான் அப்படிக் காட்டுது. பாற ஒராஞ்சதுல நடுவுல மாவா அரைபட்டு களிமண்ணு மாதிரி ஒரு சுவரு நிக்கிது. அது குறுக்க விடாது. அந்தத் தண்ணி அங்கயே நிக்கிது, நம்ம தண்ணி இங்க நிக்கிது."

"வயலுக்கு வரப்பு மாதிரியா?"

"சரியாச் சொன்ன. அந்த வரப்புல ஓட்டையப் போட்டு ராப்பகலா உறிஞ்சுனா அங்கிட்டு இருக்குறது இங்கிட்டு வந்துரும். அதுக்குத்தாம்மா நாங்க படம் எடுக்குறது. அங்க யாரும் கைவைக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு."

எனக்கு அப்படியே கண்ணு கலங்கிருச்சு. பாம்பு புத்துக்குள்ள கைவிட்டுப் பாத்துட்டு வந்து ஊர எச்சரிக்கிற புள்ளையப் பெத்துருக்கேன்னு மறுநாள் கோயில்ல போயி எல்லாருகிட்டயும் பீத்துனேன். நீ சொன்னத அப்படியே சொன்னேன். களிமண்ணு சுவரு, வரப்பு, உப்புத் தண்ணி, எல்லாம். அதனாலதான் இப்ப யாரும் என்கிட்ட "ஒனக்கென்ன தெரியும்"னு கேக்க மாட்டேங்கிறாங்க. "ஒனக்குத் தெரியும்தான"ன்னு கேக்குறாங்க. அது இன்னும் கஷ்டமா இருக்கு.

மழ முடிஞ்சு பனி ஆரம்பிச்சப்ப, பைபாஸுக்குப் போற வழியில, கோயிலுக்குப் பின்னாடி பாதி கட்டி நின்ன அடுக்குமாடிக்குப் பக்கத்துக் காலி எடத்துல ரிக்கு வண்டி வந்து நின்னுச்சு. அடுக்குமாடி கட்டுறவுங்க போர் போடுறாங்கன்னாங்க. எங்க போட்டாங்க தெரியுமா? நீ கடைசிக் கம்பி குத்துன எடத்துக்கு நேரா. எடத்தத் தேடவே இல்ல, வந்தாங்க, வண்டிய நிறுத்துனாங்க, எறக்குனாங்க. ஆயிரம் அடிக்கும் கீழ போயிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. தண்ணி பனமர ஒசரத்துக்கு அடிச்சுச்சு. தெருவே ஓடிப் போயி வேடிக்க பாத்துச்சு. நானும் கையெடுத்துக் கும்புட்டேன், ஆத்தா கண்ணத் தொறந்துட்டான்னு.

அப்பறம் கோயில் கெணறு எறங்குச்சு. படி தெரிஞ்சுச்சு, அப்பறம் படிக்குக் கீழ இருந்த பாற தெரிஞ்சுச்சு. தெருவுல ஒவ்வொரு வீட்டு போரா காத்து எறைக்க ஆரம்பிச்சுச்சு. பம்பு மட்டும் ஓடும், கொழாயில ஒண்ணும் வராது. அதக்கூடத் தாங்கிக்கிட்டோம். சித்திரையில மிச்சம் இருந்த தண்ணியும் ருசி மாறிப் போச்சு. வாயில வச்சா கரிக்குது, ஒரு வாட வேற. பருப்பு வேகல. குக்கர்ல எத்தன விசிலு விட்டாலும் கல்லு மாதிரி கெடக்கு. மும்தாஜ் பிரியாணி ஆர்டர் எடுத்தவ, அரிசி நறுக்கு நறுக்குன்னு நின்னு, ஒரு நிக்காஹ் வீட்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி பேச்சு வாங்கிட்டு வந்தா. நேரா நம்ம வீட்டுக்கு வந்து, கோவமாக்கூடப் பேசல. "அக்கா, ஒங்க மகனுக்கு நானே எங்கையால உப்பு அள்ளிக் குடுத்தேங்க்கா. அந்த உப்பு எங்க சட்டிக்கே திரும்பி வந்துருச்சு பாருங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அழுதிருந்தா நான் தேத்தியிருப்பேன். சிரிச்சவள என்ன செய்ய?

எல்லாரும் சேந்து அந்த அடுக்குமாடி ஆபீசுக்குப் போனோம். அங்க இருந்த இஞ்சினியரு மரியாதையாத்தான் பேசுனாரு, டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. "எங்க தண்ணி வேற, ஒங்க தண்ணி வேறம்மா. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. மழ பேயல, அதான்"னாரு. நான் எந்திரிச்சு எல்லாத்தையும் சொன்னேன். பிளவு, நொறுங்குன கல்லு, களிமண்ணு சுவரு. அந்த மனுசன் முகம் மாறிருச்சு. "இதெல்லாம் யாரும்மா சொன்னா?"ன்னாரு. எம்மகன்தான், ஒன் பேரு இன்னதுன்னேன். ஒடனே மூஞ்சி தெளிஞ்சு போச்சு. "அட, அவரா? அவரு எங்களுக்குத்தாம்மா சர்வே பண்ணாரு. அவரு வந்து இந்த போரால ஒங்க தண்ணி போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நாங்க மோட்டார நிறுத்திர்றோம்"னு சிரிச்சாரு. எங்களுக்குத்தான்னு அந்த ஆளு சொன்னப்ப ராக்கம்மா மெல்லத் திரும்பி என்னையப் பாத்தா பாரு, அந்தப் பார்வைய நான் எங்க கொண்டுபோயி எறக்கி வைக்க?

அன்னிக்கே ஒனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்ன? "ஏம்மா அங்க போயி எம்பேர இழுத்த? நான் படம் போட்டுக் குடுக்குறவன். எங்க போர் போடுறாங்கங்கிறது என் வேல இல்ல."

"யாரும் கைவைக்கக் கூடாதுன்னு நீதானடா சொன்ன?"

"அது வீட்டுல பேசுனதும்மா."

வீட்டுல பேசுனது. அந்த ஒரு வார்த்தைய நான் இன்னும் மென்னுக்கிட்டு இருக்கேன், முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. அப்ப வீட்டுல ஒரு உண்ம, வெளிய ஒரு உண்மயா அப்பு? கம்பிக்கு நான் பொட்டு வச்ச அன்னிக்கே அது யாருக்குப் போகுதுன்னு ஒனக்குத் தெரியுமா, இல்ல பின்னாடிதான் தெரிஞ்சுச்சா? இத நான் பல தடவ கேட்டுட்டேன். நீ ஒவ்வொரு தடவயும் ஒன் கல்யாணப் பத்திரிக்கையப் பத்திப் பேசுற. அந்தப் போன்லயே கடைசியில இன்னொண்ணும் சொன்ன. அந்த அடுக்குமாடியிலயே ஒனக்கு ஒரு வீடு சல்லிசாக் குடுத்திருக்காங்க, "நீ அந்தத் தெருவ விட்டுட்டு இங்க வந்துரும்மா, ஆர்ஓ மிசின் இருக்கு, எந்நேரமும் தண்ணி வரும்"னு. நல்ல மனசோடதான் சொன்ன.

ஆடித் திருவிழாவ எப்படி நடத்துனோம்னு நீ கேக்கவே இல்லையே. மொளப்பாரி நல்லாத்தான் வளந்துச்சு, லாரித் தண்ணியத் தெளிச்சே வளத்துட்டோம். தூக்கிக்கிட்டுக் கெணத்துக்குப் போனா, அடியில கொஞ்சூண்டு தண்ணி செங்காமட்டி நெறத்துல நொரச்சுக்கிட்டுக் கெடக்கு. ஆத்தா மொளப்பாரிய இதுலயா கரைக்கிறதுன்னு பூசாரி மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. தலையில பாரிய வச்சுக்கிட்டுப் பொம்பளைங்க நடு ரோட்டுல நிக்கிறோம். எதுக்க அடுக்குமாடி கேட்டுக்குள்ள செயற்கையா ஒரு அருவி கட்டி விட்டுருக்கான், சளசளன்னு கொட்டுது.

ராக்கம்மா சொன்னா, "ஏத்தா, பேசாம அங்க போயிக் கரைச்சிருவோமா? நம்ம தண்ணிதான அது, மாமியா வீட்டுக்குப் போயிருக்கு. போயி ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்." எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போனோம். வாச்மேன் கைய நீட்டி நிறுத்திட்டான். பாவம், நம்ம அய்யலூர்ப் பக்கத்து ஆளுதான். "அம்மா, கோவிச்சுக்காதீங்க, வீடு வாங்குனவங்க மட்டும்தான் உள்ள போகணும். ஒங்கள்ல யாராச்சும் ஓனரு இருக்கீங்களா?"ன்னான்.

நான் இருந்தேன் அப்பு. நீ வீடு வாங்குனது அப்ப எனக்கு மட்டும்தான் தெரியும். எம்மகன் ஓனருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டு தொறந்திருக்கும், ஆத்தா பாரி நல்ல தண்ணியில கரைஞ்சிருக்கும். வாயத் தொறக்கல. தலையில இருந்த பாரிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு கீழ பாத்துக்கிட்டே திரும்பிட்டேன். மும்தாஜ் வீட்டு நீல டிரம்ம ரோட்டுல வச்சு, லாரித் தண்ணி ஊத்தி, அதுல கரைச்சோம். குலவ போட வாய் வரல ஒருத்திக்கும். இப்ப இதப் படிக்கிறப்பதான் ராக்கம்மாவுக்குத் தெரியப் போகுது. படிச்சுட்டு என்னைய என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்.

நீ கேக்கலாம், "நான் வாயத் தொறந்தா என் வேல போயிரும், அது ஒனக்குத் தெரியாதாம்மா"ன்னு. ஏன் தெரியாது? நீ கைப்புள்ளையா இருந்தப்ப ஒங்கப்பா பூக் கமிசன் கடையில இருந்தாரு. சேவுகம்பட்டிப் பக்கத்துல இருந்து தன் தோட்டத்து மல்லிகப்பூவக் கொண்டாந்த ஒரு சம்சாரி, தராசுல கொறையுதுன்னு சத்தம் போட்டுருக்காரு. மொதலாளி ஒங்கப்பாவக் கூப்புட்டு, "நீ சொல்லு, தராசு சரியாத்தான இருக்கு?"ன்னு கேட்டாரு. இந்த மனுசன் அம்புட்டுப் பேரு முன்னாடி, "இல்ல மொதலாளி, கொறையுது"ன்னுட்டாரு. மறுநாள்ல இருந்து வேல இல்ல. மாசக்கணக்கா வெஞ்சனம் இல்லாம வெறும் கஞ்சி குடிச்சோம். நான் அவரப் பேசாத பேச்சு இல்ல. அதனால மார்க்கெட்டு திருந்துச்சான்னா, திருந்தல. அந்தச் சம்சாரி ஒரு நன்றி கூடச் சொல்லல, அதே கடைக்குத்தான் திரும்பப் பூக் கொண்டாந்தாரு. அதனால உண்மையச் சொன்னா சாமி கூலி குடுக்கும்னு நான் ஒன்கிட்டச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சு குடுக்கல. சொல்ல வேண்டியதச் சொல்லணும், அம்புட்டுத்தான். மத்தது எனக்குத் தெரியாது.

கட்டிக்கப் போற புள்ள நல்ல புள்ள. என்கிட்ட ரெண்டு தடவ பேசுனா, அத்தைன்னு வாய் நெறையக் கூப்புட்டா. அவகிட்ட இதச் சொல்லிட்டுத் தாலி கட்டு. அந்த வீட்டுக் கொழாயத் தொறக்குறப்ப வர்றது எங்க இருந்து வருதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் சரின்னா அது அவ பாடு. தெரியாம அவ அதுல எனக்கு ஒரு டம்ளர் மோந்து குடுத்து, நான் வேணாம்னு சொல்லி, மாமியா கொடுமக்காரின்னு பேரு வாங்க எனக்கு இஷ்டமில்ல. பால் காய்ச்ச ஒன் மாமியாரக் கூப்புடு. அந்தம்மா கையால காய்ச்சுனாலும் பொங்கும்.

அதே திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குற நாளு. அதே காலைல நானும் மும்தாஜும் ராக்கம்மாவும் தெருப் பொம்பளைங்களும் அங்க வரிசையில நிப்போம். ராக்கம்மா எங்ககூட வருவாளா, இதப் படிச்சப்பறம் ஒதுங்கிருவாளான்னு தெரியல, நான் நிப்பேன். எங்க மொற வந்ததும் அந்த ஆபீசரு எடுத்த ஒடனே கேக்கப் போறது ஒண்ணுதான். பூமிக்கு அடியில இப்படித்தான் இருக்குன்னு ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்பாரு. நான் ஒன் பேரச் சொல்வேன். ஒங்கப்பா பேரையும் சேத்துச் சொல்வேன். ஆமா, எங்கம்மா சொல்றது நெசம்தான்னு நீ சொல்றதுன்னா சொல்லு. இல்ல, எங்கம்மாவுக்கு வயசாகிப் போச்சு, புரியாம ஒளறுதுன்னு சொல்றதுன்னா அதையும் சொல்லு. எதச் சொன்னாலும் அங்க வந்து, அந்த மேசைக்கு முன்னாடி என் பக்கத்துல நின்னு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஒன் அம்மா